பச்சைப்பாலில் சீஸ் செய்வது சரியா?

மன்னார்குடி மாட்டுக்காரன்:
எங்கள் வீட்டில் மூன்று மாடுகள் கறக்கின்றன. மீதமாகும் பாலில் கெட்டியான சீஸ் செய்து, 60 நாட்களுக்கு மேல் முதிர வைத்த பிறகே தெரிந்தவர்களுக்குக் கொடுக்கிறேன். பாலைச் சூடேற்றுவதில்லை என்று சொன்னதும், அது விஷம் என்று ஒருவர் இங்கே எழுதிவிட்டார். இத்தாலியின் பார்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸும் பிரான்சின் ரோக்ஃபோர் சீஸும் பச்சைப்பாலில்தான் செய்யப்பட வேண்டும் என்பது அவற்றுக்கான விதி. அமெரிக்காவிலும் 60 நாட்கள் முதிர்ந்தால் பச்சைப்பால் சீஸை விற்கலாம். உப்பும் புளிப்பும் ஈரக்குறைவும் சேர்ந்து கிருமிகளை ஒடுக்கும்போது, பாலின் இயல்பான சுவையை நாம் ஏன் கொல்ல வேண்டும்?

திருவையாறு கால்நடை மருத்துவர் (ஓய்வு):
ஐயா, பார்மிஜானோவில் தயிர்க்கட்டியை ஏறத்தாழ 55 டிகிரி வரை சூடேற்றி, குறைந்தது 12 மாதங்கள் முதிர வைக்கிறார்கள். உங்கள் இரண்டு மாதத்தை அதனோடு ஒப்பிட முடியாது. 60 நாட்களுக்குப் பிறகும் நோய் தரும் சில ஈ.கோலை பாக்டீரியா வகைகள் சீஸில் உயிரோடு இருப்பது ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. லிஸ்டீரியா என்ற நோய்க்கிருமியோ குளிர்பெட்டியிலும் பெருகும். பால் வழியே மனிதருக்கும் பரவும் புருசெல்லா கிருமி தொற்றிய மாடு, கன்று வீசும் (கருக்கலையும்) வரை பார்வைக்கு நல்ல மாடாகவே இருக்கும். ரோக்ஃபோரில் இயற்கைக் குகை குளிர்ச்சி தருகிறது. சித்திரை வெயிலில் நம் டெல்டாவில், சீஸ் முதிர வேண்டிய 12 டிகிரி குளிர்ச்சி என்பது முழுக்க மின்சாரத்தை நம்பியது.

மன்னார்குடி மாட்டுக்காரன்:
மின்சாரம் போனால் இன்வெர்ட்டர் இருக்கிறது. மாடுகளுக்கு இரத்தப் பரிசோதனையும் செய்திருக்கிறேன். பாலைச் சூடேற்றிச் செய்யும் உங்கள் வழியையும் பார்த்தாயிற்று. தை மாதம் 10 லிட்டரைப் பொங்கக் காய்ச்சி, ஆற வைத்து, பாலைக் கட்டியாக உறைய வைக்கும் நொதியான ரென்னெட் விட்டேன். முக்கால் மணி நேரம் கழித்துக் கத்தியை விட்டுத் தூக்கினால், பளிச்சென்று பிளக்க வேண்டிய கட்டி கொழகொழவென்று கத்தியில் ஒட்டிக்கொண்டு வந்தது. ஏறத்தாழ ஒரு கிலோ சீஸ் வந்திருக்க வேண்டிய பால் அத்தனையும் மாட்டுத் தொட்டிக்குத்தான் போனது.

திருவையாறு கால்நடை மருத்துவர் (ஓய்வு):
அது காய்ச்சியது; கொதிக்க விடாமல் அளவான சூட்டில் கிருமிகளைக் கொல்லும் பாஸ்டர் முறை அன்று. பொங்கிய பாலில் மோர்ப்புரதம், கட்டியாக உறைய வேண்டிய கேசீன் புரதத்தின்மீது படிந்துவிடுவதால், தயிராக உறையும் பால் ரென்னெட்டுக்கு மட்டும் மசிவதில்லை. அண்டாவில் தண்ணீர் வைத்து, அதற்குள் பால் பாத்திரத்தை இறக்கி, 63 டிகிரியில் 30 நிமிடம் நிறுத்துங்கள். பிறகு 32 டிகிரிக்கு ஆற்றி, பாலைப் புளிக்க வைக்கும் உறைநுண்ணுயிரும் ரென்னெட்டும் சிறிது கால்சியம் குளோரைடும் சேர்த்தால் கட்டி பிளக்கும். சுவை சற்று மட்டுப்படும் என்பதை நான் மறுக்கவில்லை.

கும்பகோணத்து வாசகி:
எங்கள் ஊரில் டிகிரி காபிக்கு எவ்வளவு நல்ல பால் வந்தாலும் காய்ச்சாமல் ஊற்றுவதில்லை. அண்ணா, என் மகளுக்கு இது ஏழாம் மாதம். லிஸ்டீரியா வயிற்றுப் பிள்ளையைத் தாக்கும் என்று மருத்துவர் பச்சைப்பால் பண்டங்களையே விலக்கச் சொல்லியிருக்கிறார். சுவை உங்கள் விருப்பம். ஆனால் எந்தப் பாலில் செய்தது என்று உறையின்மேல் எழுதாமல் கொடுப்பது நியாயமா?

மன்னார்குடி மாட்டுக்காரன்:
எழுதாதது என் தவறுதான், தங்கச்சி; இனி எழுதிவிடுகிறேன். என் வீட்டுக்குப் பச்சைப்பாலில்தான் செய்வேன், அதில் மாற்றமில்லை. வெளியே கொடுப்பதை மட்டும் அடுத்த முறை 63 டிகிரியில் செய்து பார்க்கிறேன். அந்த 30 நிமிடத்தை அடுப்பில் ஏற்றியதிலிருந்து எண்ணுவதா, டாக்டர் ஐயா?

திருவையாறு கால்நடை மருத்துவர் (ஓய்வு):
63 டிகிரியைத் தொட்ட பிறகு எண்ணுங்கள். மூடி போட்டு, இடையிடையே கிளறுங்கள். மேலே நிற்கும் நுரை பாலைவிடக் குளிர்ந்தே இருக்கும்.