மேன் பக்கத்தில் கோப்புப் பெயர் எங்கே முடிகிறது? உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

பரந்தன் சந்தி

கிளிநொச்சியில் சனி, ஞாயிறுகளில் பெடியளுக்கு லினக்ஸ் பழக்குகிறேன். மேன் பக்கம், அதாவது டெர்மினல் எனும் கட்டளை தட்டும் திரையிலேயே திறக்கிற கையேட்டுப் பக்கம், என்னவென்று இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை, நேராக விசயத்துக்கு வருகிறேன். வகுப்பில் இன்ரநெற் கொடுப்பதில்லை, டேட்டா முடிந்தாலும் இவர்களுக்கு வேலை செய்யத் தெரிய வேண்டும். அதனால் மேன் பக்கம்தான் ஒரே துணை. ஏ.எல். முடித்த ஒரு பிள்ளை ஒரு சேர்வர் மென்பொருளின் அமைப்புக் கோப்பைத் திருத்திக்கொண்டிருந்தாள். "சேர், எல்லாம் போட்டுச் சேமிச்சிட்டன், ஆனா ஒரு மாற்றமும் இல்லை" என்றாள்.

அவள் நானோ எடிட்டரில் திறந்தபோது அடியில் 'நியூ ஃபைல்' என்று வந்திருக்கிறது. கோப்பை நாமே உருவாக்க வேண்டுமாக்கும் என்று நினைத்திருக்கிறாள். நியாயமான நினைப்புத்தான், பல மென்பொருள்களில் அப்படித்தானே. அந்த அடைவில் கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையைப் போட்டோம். ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு பெயர்கள், எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான், ஆனால் இரண்டாவதன் கடைசியில் ஒரு புள்ளி. 'லோக்கல்.கொன்ஃப்', அதற்குக் கீழே 'லோக்கல்.கொன்ஃப்.'

மேன் பக்கத்தைத் திறந்து பார்த்தால், வாக்கியம் கோப்புப் பெயரோடு முடிகிறது, அடிக்கோடு பெயருக்கும் ஓடியிருக்கிறது, முற்றுப்புள்ளிக்கும் ஓடியிருக்கிறது. எழுதியவர் சாய்வெழுத்துக்கான '.ஐ' கட்டளையைப் போட்டுக் கோப்புப் பாதையையும் புள்ளியையும் ஒட்டி எழுதிவிட்டார். சாய்வும் சாதாரணமும் மாறி மாறி வரும் '.ஐஆர்' போட்டு, பாதைக்குப் பிறகு ஒரு இடைவெளி விட்டுப் புள்ளியை வைத்திருந்தால், பெயர் மட்டும் சாய்வெழுத்தில் வந்து புள்ளி சாதாரண எழுத்தில் நின்றிருக்கும். டெர்மினலில் சாய்வெழுத்துப் பெரும்பாலும் அடிக்கோடாகத்தான் தெரியும் என்பது உங்களுக்குத் தெரியும்.

என்னை இன்னும் அரிக்கிற விசயம் வேறு. அதே பக்கத்தில், மேலே உள்ள பந்திகளில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அடிக்கோடு இருக்கிற இடம்தான் கோப்புப் பெயர் என்பதை அந்தப் பக்கமே அவளுக்குப் படிப்பித்தது, அவளும் நம்பினாள், பிறகு அதே பக்கமே அவளைக் கைவிட்டது. அந்தப் பிள்ளையில் ஒரு பிழையும் இல்லை. எழுதுகிறவர்கள் இதை ஒரு அலங்கார வேலையாக நினைக்கிறார்கள். உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

முல்லை வீதி

புள்ளி கூட வந்தது உங்களுக்கு, எனக்கு முழுப் பெயருமே காணாமல் போனது.

நான் முல்லைத்தீவுப் பக்கம் ஒரு அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்பவன். ஒட்டுசுட்டானில் இருக்கிற சிநேகிதனுக்கு ஒரு கருவியைப் போட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது. அவனிடம் சிக்னல் ஒரு கோடுதான், குரல் மட்டும் போகும். நான் என் திரையில் மேன் பக்கத்தைப் பார்த்து வாசிக்க, அவன் அங்கே தட்டுகிறான். வாசித்துக்கொண்டு போகிறேன்: "உங்கள் வீட்டு அடைவில் உள்ள, திறந்து, கீழ்வரும் வரியைச் சேர்க்கவும்." அவன் "எதைத் திறக்கிறது?" என்கிறான். திரும்ப வாசிக்கிறேன். "மச்சான், பெயரைச் சொல்லடா." பெயர் இல்லை. வாக்கியம் ஒழுங்காக ஓடுகிறது, நடுவில் ஒரு ஓட்டையும் தெரியவில்லை, பெயர் மட்டும் இல்லை.

பிறகு அந்தப் பக்கத்தின் மூலக் கோப்பை, சுருக்கிய கோப்புகளைக் காட்டும் இசட்லெஸ்ஸில் திறந்து பார்த்தேன். பெயர் இருக்கிறது, '.ப்ரொஃபைல்' என்று, ஆனால் தனி வரியில், முதல் எழுத்தாக அந்தப் புள்ளி. வரித் தொடக்கத்தில் புள்ளி வந்தால், பக்கத்தை அடுக்கித் தரும் ரொஃப் மென்பொருள் அதைக் கட்டளை என்று நினைக்கும், அப்படி ஒரு கட்டளை, அதாவது மேக்ரோ, இல்லையென்றால் அந்த வரி முழுவதையும் சத்தமில்லாமல் விட்டுவிடும். யாரோ எடிட்டரில் பந்தியை மறுபடி மடித்திருக்கிறார்கள், நடுவில் இருந்த பெயர் வரித் தொடக்கத்துக்கு வந்துவிட்டது. எச்சரிக்கையும் சும்மா பார்த்தால் வராது, மேன் கட்டளைக்கு 'வார்னிங்ஸ்' விருப்பம் கொடுத்தால்தான் வரும்.

அன்று நான் போனில் மறுமுனை மௌனத்தைக் கேட்டுக்கொண்டு நின்ற அந்தக் கொஞ்ச நேரம் இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

மாங்குளம் அக்கா

தம்பிமார் இரண்டு பேருடைய கதையும் ஒரே கதைதான். முல்லை வீதி தம்பி, உங்கள் கோப்புப் பெயரை ஆரம்பத்திலேயே '.ஐ' போட்டுக் குறித்திருந்தால், அது இப்படிக் காணாமல் போயிருக்காது, ஏனென்றால் புள்ளியோடு தொடங்கும் பெயர் அப்போது மேக்ரோவுக்குப் பின்னால்தான் நிற்கும். குறிக்காமல் வெறுமனே எழுதினதுதான் பிரச்சினை. குறிக்காமல்தான் எழுதுவேன் என்றால் முன்னால் அச்சில் தெரியாத '\&' குறியைப் போட வேண்டும்.

எனக்கு நடந்தது சின்ன விசயம். ஒரே பக்கத்தில் ஒரே கோப்பை ஓரிடத்தில் தடித்த எழுத்தில், இன்னோரிடத்தில் சாய்வில், பிறகு மேற்கோள் குறிக்குள் போட்டிருந்தார்கள். என்னோடு வேலை செய்கிற பிள்ளை இவை வெவ்வேறு கோப்புகள் என்று நினைத்து, தடித்த எழுத்தில் இருந்ததைக் கட்டளையாகத் தட்டினார். 'பெர்மிஷன் டினைட்' என்று வந்ததும், தனக்கு அனுமதி தரவில்லை என்று என்னோடு கோபித்துக்கொண்டார். அவ்வளவுதான் என் கதை.

ஆனால் இந்த விசயத்தில் விதி தெளிவாக இருக்கிறது என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன், இதைத் தெரியாமல்தான் முக்கால்வாசிப் பேர் எழுதுகிறார்கள். மேன் பக்கம் எழுதும் முறையைச் சொல்லும் லினக்ஸின் மேன்-பேஜஸ் (7) பக்கத்தைத் திறந்து பாருங்கள். கோப்புப் பெயர் எப்போதும் சாய்வெழுத்து. முழுப் பாதையானாலும் சரி, சி நிரல்களில் சேர்க்கிற தலைப்புக் கோப்பானாலும் சரி. ஒரே ஒரு விலக்கு, பாவிக்கும் விதத்தைச் சுருக்கிச் சொல்லும் சினாப்சிஸ் பகுதியில் 'இன்க்ளூட்' செய்யும் தலைப்புக் கோப்பு தடித்த எழுத்தில் வரும். தலைப்புக் கோப்பைச் சொல்லும்போது சி மொழியில் எழுதுகிற மாதிரியே கோண அடைப்புக்குள் எழுத வேண்டும். தடித்த எழுத்து எதற்கென்றால் கட்டளைப் பெயர், விருப்பங்கள், அதாவது அப்படியே தட்ட வேண்டியவை. இந்த இரண்டையும் கலக்காமல் வைத்திருந்தாலே வாசிக்கிறவர் கண்ணாலேயே பிரித்துக்கொள்வார்.

அப்புறம், ஒரு பக்கத்தைத் திருத்தப் போனால் ஒரு இடத்தை மட்டும் திருத்தாதீர்கள். தொடக்கத்திலிருந்து முடிவு வரை பாதைகளில் வரும் சாய்கோட்டைத் தேடிக்கொண்டு போங்கள், ஒவ்வொரு பாதையும் எப்படிக் குறிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். முற்றுப்புள்ளி, காற்புள்ளி, அடைப்புக்குறி எல்லாம் குறிக்கு வெளியே நிற்க வேண்டும். '\எஃப்ஐ' என்று எழுத்துருவை வரிக்குள்ளேயே மாற்றினால் முடிவில் '\எஃப்பி' போட்டுத் திருப்ப மறந்துவிடுவார்கள், மிச்ச வாக்கியம் முழுவதும் அடிக்கோடாகிவிடும், அதனால் மேக்ரோவையே பாவியுங்கள். உதாரணக் கட்டளைகளை, உதாரணத்தைத் தொடங்கும் '.ஈஎக்ஸ்', முடிக்கும் '.ஈஈ' இரண்டுக்கும் நடுவில் வையுங்கள், அங்கே பெயரைத் தனியாகக் குறிக்கத் தேவையில்லை. கடைசியில், கோப்புகளைப் பட்டியலிடும் 'ஃபைல்ஸ்' பகுதியை எழுதாமல் விடாதீர்கள். லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸின், 1971 நவம்பர் 3 திகதியிட்ட முதலாவது கையேட்டிலேயே அந்தத் தலைப்பு இருக்கிறது, அத்தனை பழைய வழக்கம். அங்கே வரும் பெயரும் மேலே விவரணத்தில் வரும் பெயரும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று ஒருக்கா ஒப்பிடுங்கள்.

நெடுங்கேணி

அக்கா, நீங்கள் சொல்வதில் பாதியை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சாய்வா தடித்ததா என்று எழுதுகிறவர் ஏன் யோசிக்க வேண்டும்? அங்கேதான் பிழையே தொடங்குகிறது.

நான் வவுனியாவில் படித்த காலத்தில் ஒரு பழைய மடிக்கணினியில் ஓபன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தைப் போட்டு வைத்திருந்தேன். ஒரு இரவு, விடுதியில் எல்லோரும் படுத்துவிட்டார்கள், ஒரு கோப்பை எந்த நிரல் வாசிக்கிறது என்று தெரியாமல் முட்டிக்கொண்டிருந்தேன். அங்கே மேன் கட்டளைக்கு 'கே' விருப்பம் கொடுத்து, 'பிஏ=' என்று போட்டுக் கோப்புப் பாதையை எழுதினால், அந்தக் கோப்பைப் பற்றிப் பேசுகிற பக்கங்கள் எல்லாம் வரிசையாக வருகின்றன. வெறும் சொல் தேடல் இல்லை, கோப்புப் பெயர் என்று குறிக்கப்பட்ட இடங்களை மட்டும் தேடுகிறது! அந்தப் பட்டியல் திரையில் இறங்கியதைப் பார்த்த அந்த நிமிடம்தான் எனக்கு இந்த விசயம் பிடிபட்டது.

அது எப்படி முடிகிறது? அங்கே பக்கங்களை எம்டொக் என்ற மேக்ரோத் தொகுப்பில் எழுதுகிறார்கள், கோப்புப் பெயருக்கு '.பிஏ' என்று தனியாக ஒன்று இருக்கிறது. 'இது ஒரு பாதை' என்று சொல்கிறோம், சாய்வாகக் காட்டுவதா வேறு மாதிரியா என்பதை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். வரியின் முடிவில் புள்ளியை இடைவெளி விட்டு வைத்தால் அது நிறுத்தற்குறி என்று தானாகவே விளங்கிக்கொண்டு வெளியே நிறுத்திவிடும். பரந்தன் சந்தி அண்ணாவின் மாணவிக்கு நடந்தது அங்கே நடப்பது கஷ்டம். 1979இல் ஏழாம் பதிப்பு யூனிக்ஸோடு வந்த மேன் மேக்ரோவைத்தான் லினக்ஸ்காரர் பெரும்பாலும் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள், அதில் கோப்புப் பெயருக்கென்று ஒரு மேக்ரோ கிடையாது, எழுத்துரு மட்டும்தான் இருக்கிறது. சாய்வில் இருப்பது கோப்பா, மாற்றி எழுத வேண்டிய இடமா, அழுத்திச் சொன்ன சொல்லா என்று கணினிக்குத் தெரியாது.

லினக்ஸில் இருக்கிற ரொஃப்பான ஜிரொஃப் எம்டொக்கையும் வாசிக்கும், அதனால் லினக்ஸிலும் எழுதலாம். புதிதாக எழுதுகிறவர்கள் தயவுசெய்து அதிலேயே தொடங்குங்கள். எழுதி முடித்து 'மான்டொக்' கட்டளையில் லின்ட், அதாவது பிழைச் சோதனை, பார்த்தால் பிழைகளை வரி எண்ணோடு சொல்லும்.

மாங்குளம் அக்கா

நெடுங்கேணித் தம்பி, ஏற்கெனவே மேன் மேக்ரோவில் இருக்கிற பக்கங்களை என்ன செய்வது? ஒரு திட்டத்தில் நூறு பக்கம் இருந்தால் உங்களுக்காக எல்லாவற்றையும் மாற்றிக் கொடுக்க மாட்டார்கள். ஒரு பக்கத்தை மட்டும் எம்டொக்கில் எழுதிக் கொடுத்தால் அது மற்றவற்றோடு ஒட்டாது, ஒரே சீராக இருக்க வேண்டும் என்றுதானே நாம் கேட்கிறோம். இருக்கிற வீட்டின் ஒழுங்கில் எழுதுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

இரணைமடு

நான் மொழிபெயர்ப்புப் பக்கம். இங்கே யாரும் தொடாத ஒன்றைச் சொல்ல வேண்டும்.

மேன் பக்கங்களை மொழிபெயர்க்கக் கொடுக்கும்போது பிஓ4ஏ என்ற மொழிபெயர்ப்புக் கருவி சாய்வெழுத்தை 'ஐ' என்ற எழுத்தும் கோண அடைப்பும் போட்டுக் காட்டும், பெயர் அதற்குள் இருக்கும். தமிழில் வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டித்தானே வரும். எனக்குத் திருத்தக் கிடைத்த ஒரு வரைவில், ஆங்கில எழுத்தில் இருந்த பாதைக்குப் பின்னால் 'இல்' ஒட்டி, அந்த 'இல்'லையும் அடைப்புக்குள்ளேயே வைத்திருந்தார்கள். மேன் பக்கமாக ஆக்கிப் பார்த்தேன். பாதை முழுவதற்கும் அடிக்கோடு, அதன் வாலில் தமிழ் 'இல்', அதற்கும் அடிக்கோடு. அடுத்த வரியில் அதே கோப்பு 'ஐ' உருபோடு. மூன்றாவது இடத்தில் 'இலிருந்து'. ஒரே பெயர் மூன்று விதமாகத் தெரிகிறது. ஆங்கிலம் தெரியாத ஒரு பெரியவர் இதைப் பார்த்துத் தட்டினால் என்ன நடக்கும் என்று யோசித்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு நான் 'என்ற கோப்பில்', 'என்ற கோப்பை' என்றுதான் எழுதுகிறேன், கூட வேலை செய்கிறவர்களிடமும் அப்படியே கேட்கிறேன். வாக்கியம் கொஞ்சம் நீளும், பரவாயில்லை. பெயர் தனியே நிற்கும், உருபு 'கோப்பு' என்ற சொல்லில் ஏறிக்கொள்ளும். மூலப் பக்கத்தில் ஒரு இடத்தில் குறித்தும் இன்னோர் இடத்தில் குறிக்காமலும் விட்டிருந்தால், மொழிபெயர்ப்பவருக்கு அது கோப்பா சொல்லா என்றே தெரியாது, பெயரையே மொழிபெயர்த்துவிடுவார்கள். அதையும் பார்த்திருக்கிறேன்.

ஏ9 வீதி

அவசரமாக ஒரு கேள்வி. மேன் பக்கத்திலிருந்து நகலெடுத்து ஒட்டினேன், நடுவில் சிறுகோடு உள்ள கோப்புப் பெயர். 'அப்படி ஒரு கோப்பு இல்லை' என்கிறது. எல்எஸ்ஸில் கண் முன்னாலேயே இருக்கிறது. கையால் தட்டினால் திறக்கிறது, ஒட்டினால் இல்லை. காலையிலிருந்து இதோடுதான் நிற்கிறேன். இதுவும் அந்தக் குறியீட்டுக் கதையா?

முல்லை வீதி

அதேதான். மூலத்தில் வெறும் '-' போட்டிருப்பார்கள், '\-' போடவில்லை. வெறும் சிறுகோடு என்றால் ரொஃப் அதை வாக்கியத்தில் வருகிற இணைப்புக்கோடு என்று எடுத்து, யூனிகோட் டெர்மினலில் வேறொரு எழுத்தாக அச்சிடும். கண்ணுக்கு ஒரே மாதிரித்தான், கோப்பு முறைமைக்கு வேறு. 2023இல் வந்த ஜிரொஃப் 1.23இலிருந்து இது கூடுதலாக வெளியே தெரிகிறது, டெபியன் மாதிரிச் சில லினக்ஸ் விநியோகங்கள் மட்டும் பழையபடி மாற்றி வைத்திருக்கின்றன. ஒட்டினதை, பைட்டுகளைக் காட்டும் ஹெக்ஸ்டம்ப்பில் பாருங்கள், 2டி வந்தால் சரி, ஈ2 80 90 என்று வந்தால் இதுதான். மேன் பக்கத்தின் மூலக் கோப்பில் அந்த வரியை எடுத்து இங்கே போடுங்கள், எந்த மென்பொருள் என்று சொல்லத் தேவையில்லை, வரி மட்டும் போதும்.