மறு: ஸ்லீப் ஆப்னியாவுக்குத் தமிழில் என்ன சொல்வது?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

இவ்வளவு நாள் பேசாமல் படித்துக்கொண்டுதான் இருந்தேன். ஸ்லீப் ஆப்னியாவுக்கு, அதாவது தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் நோய்க்கு, தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் நேற்று வந்த ஒரு வரி என்னையும் இழுத்துவிட்டது.

> "தூக்கத்தில் மூச்சுத்திணறல்" என்று பத்திரிகைகளே எழுதுகின்றன. புழங்குவதை ஏன் கலைக்க வேண்டும்?

கலைக்கத்தான் வேண்டும் ஐயா. காரணத்தைக் கொஞ்சம் வெட்கத்தோடுதான் சொல்கிறேன். இரண்டு வருடம் முன்பு ஒரு மருத்துவமனைக்கு நோயாளிகள் நிரப்பும் படிவத்தைத் தமிழாக்கிக் கொடுத்தேன். அதில் "தூக்கத்தில் மூச்சுத்திணறல் உண்டா?" என்று ஒரு கேள்வி; என் கைவண்ணம்தான். அப்புறம் ஒரு நாள் என் மாமாவையே அங்கே கூட்டிப்போக நேர்ந்தது. காலையில் பேப்பரை விரித்த கையோடு தூங்கி வழிவார். மாத்திரைக்கு மேல் மாத்திரை போட்டும் ரத்த அழுத்தம் இறங்கவில்லை. என் கேள்விக்கு நேரே "இல்லை" என்று டிக் அடித்தார். அத்தையும் ஆமோதித்தார்: "திணறலெல்லாம் இல்லடா. குறட்டை விடுவாரு, திடீர்னு சத்தமே இருக்காது. மூச்சு நின்னு நின்னு வரும். நான்தான் எழுந்து தோளை உலுக்குவேன்."

நோயை அத்தை அப்படியே வர்ணித்துவிட்டார். படிவத்தில்தான் அது ஏறவில்லை.

திணறல் என்பது விழித்திருப்பவர் உணர்வது. மாடி ஏறியவருக்கும் ஆஸ்துமாக்காரருக்கும் வருவது. மூச்சுவிடச் சிரமப்படும் அந்த உணர்வுக்கு மருத்துவத்தில் டிஸ்ப்னியா என்று பெயர்; அதற்கு இந்தச் சொல்லை எப்போதோ கொடுத்தாயிற்று. ஆப்னியா வேறு. கிரேக்கத்தில் 'அ' என்றால் இன்மை, மீதி மூச்சு. குறைந்தது 10 விநாடி காற்றோட்டம் நின்றுபோனால்தான் அதைக் கணக்கில் எடுப்பார்கள். தூங்குகிறவருக்குப் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது; பக்கத்தில் தூங்குபவர்தான் சாட்சி.

> அப்படியானால் "மூச்சின்மை" என்று நேராகவே வைத்துவிடலாமே?

மூலத்துக்கு நேர்தான். ஆனால் டாக்டர் "உங்களுக்கு உறக்க மூச்சின்மை இருக்கிறது" என்றால் வீட்டில் ஒப்பாரியே வைத்துவிடுவார்கள்.

"மூச்சடைப்பு" எனக்கும் பிடித்த சொல், ஆனால் பாதி நோய்க்குத்தான் பொருந்தும். தூக்கத்தில் தசை தளர்ந்து நாக்கின் அடியும் மெல்லண்ணமும் சரிந்து தொண்டையை மூடுவது ஒரு வகை. அப்போது நெஞ்சும் வயிறும் காற்றுக்காக இழுத்துக்கொண்டேதான் இருக்கும். இன்னொரு வகையில் தொண்டை திறந்தே கிடக்கும். மூளையிலிருந்து மூச்சுவிடச் சொல்லும் உத்தரவு வராததால் நெஞ்சு அசையாது. தூக்கப் பரிசோதனையில் நெஞ்சிலும் வயிற்றிலும் பட்டை கட்டுவதே இந்த இரண்டையும் பிரித்தறியத்தான். இரண்டாம் வகையில் அடைப்பே கிடையாது. பொதுப்பெயரில் அடைப்பு இருந்தால் "அடைப்பில்லாத மூச்சடைப்பு" என்று எழுத வேண்டி வரும்.

இழையில் வந்த மற்ற சொற்களைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். மூச்சடக்கம் யோகி வேண்டுமென்றே செய்வது. மூச்சு இடைநிற்றல் என்றால் பள்ளிக்கூடத்தை விட்ட பிள்ளைகள் நினைவுக்கு வருகிறார்கள். மூச்சு நிறுத்தம், பேருந்து நிறுத்தம்!

நான் முன்வைப்பது: தூக்க மூச்சுநிற்பு. அத்தை சொன்னதுதான், பெயர்ச்சொல்லாக்கியது மட்டும் நான். ஏல் என்பதிலிருந்து ஏற்பு வந்ததுபோல நில் என்பதிலிருந்து நிற்பு. முதல் தடவை காதில் உறுத்தும். ஏற்பும் ஒரு காலத்தில் உறுத்தியிருக்கும். குடும்பமும் தானாக அமைகிறது: அடைப்புவகை மூச்சுநிற்பு, மூளைவகை மூச்சுநிற்பு, கலப்புவகை. முழுதாக நிற்காமல் காற்றோட்டம் குறைந்தால் மூச்சுக்குறைவு. மணிக்கு எத்தனை தடவை நிற்கிறது, குறைகிறது என்ற எண்ணுக்கு நிற்பு-குறைவு எண். பெரியவர்களுக்கு 5-க்குக் கீழே இருந்தால் இயல்பு, 15 வரை லேசு, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. மாமாவுக்கு 40-ஐத் தாண்டியிருந்தது.

இதற்குச் சிகிச்சையாகத் தூங்கும்போது முகமூடி வழியே காற்று விடும் சிபாப் கருவிக்கு ஒருவர் "தொடர் நேர்மறைக் காற்றழுத்தக் கருவி" என்று எழுதியிருந்தார். சொல்லி முடிப்பதற்குள் நமக்கே மூச்சு வாங்குகிறது. அதில் "நேர்மறை" என்பது வெளிக்காற்றைவிட அழுத்தம் கூடுதல் என்பதுதான். 1981-இல் சிட்னியில் காலின் சல்லிவன் குழுவினர் செய்து காட்டியது இதுதான்: மூக்கு வழியாகக் காற்றைச் சற்று அழுத்தி விட்டால், பந்தலுக்கு முட்டுக்கொடுப்பதுபோல அது தொண்டைச் சுவர் சரியாமல் பிடித்துக்கொள்ளும். "முட்டுக்காற்றுக் கருவி" என்று எழுதிவிட்டு நானே அடித்தேன். மூச்சு முட்டுகிற கருவி என்றுதான் படிப்பார்கள். முகமூடி மாட்டிய முதல் வாரம் மாமாவின் புகாரும் அதேதான். தாங்குகாற்றுக் கருவி சரிப்படுமா? இல்லாவிட்டால் சிபாப் மெஷின் என்றே இருக்கட்டும், குடி முழுகிவிடாது.

தனி இழைக்கு உரியது ஒன்று: விழிப்பு வந்தும் உடம்பை அசைக்க முடியாத நிலையைத் "தூக்கப் பக்கவாதம்" என்று எழுதாதீர்கள். தானே தெளிந்துவிடுகிற ஒன்றுக்கு அந்தப் பெயர் வீண் கிலி. ஊரில் அதற்கு அமுக்குவான் பேய் என்று பெயர் இருக்கிறது. பேயை மட்டும் கழற்றிவிட்டு "தூக்க அமுக்கம்" என்றால் என்ன?

படிவம் அடுத்த வாரம் மறு அச்சுக்குப் போகிறது. யாருக்கு இந்த நோய் இருக்கக்கூடும் என்று சலித்துப் பார்க்க டொராண்டோவில் உருவான ஸ்டாப்-பேங் வினாப்பட்டியல், மூச்சு நிற்பதை மற்றவர் கண்டதுண்டா என்றுதான் கேட்கிறது. அதைப் பார்த்து என் கேள்வியை இப்படி மாற்றியிருக்கிறேன்: "தூங்கும்போது உங்களுக்கு மூச்சு நின்று நின்று வருவதாக யாராவது சொன்னதுண்டா?" தலைப்பில் மூச்சுநிற்பு. வேண்டாம் என்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் மாற்றுச் சொல்லோடு வாருங்கள். தனியாகத் தூங்குபவரிடம் இதை எப்படிக் கேட்பது என்று யாருக்காவது தோன்றினால் அதையும் எழுதுங்கள், எனக்குப் பிடிபடவில்லை.