சைக்கிள் குரூப் ரைடில் நீங்கள் சந்தித்த, மறக்க முடியாத ஆள் யார்?

நானே ஆரம்பிக்கிறேன். நீங்களும் எழுதுங்கள்.

எங்கள் குழு ஞாயிறு விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்பும். போக 40, வர 40 கிலோமீட்டர். எட்டரைக்குள் வீட்டில் இருப்பேன் என்று சொல்லியிருந்தேன். ஒன்பது மணிக்கு மகளுக்கு நீச்சல் வகுப்பு. மனைவிக்கு அன்று வேலை, கூட்டிப் போக வேண்டியது நான்தான். அந்த வாரம் பையனுக்குக் காய்ச்சல், நாலு நாள் சரியான தூக்கம் இல்லை. டயரில் காற்று பார்த்தேன், செயினுக்கு எண்ணெய் விட்டேன், உடம்பை மட்டும் பார்க்காமல் கிளம்பிவிட்டேன்.

போகும்போது பின்காற்று. பின்காற்றில் எல்லோரும் சூரர்கள். மணிக்கு 34-ல் போனோம், அதெல்லாம் என் காலின் பெருமை என்றே நம்பினேன். திரும்பியதும் காற்று நெஞ்சில் அறைந்தது. ஒரு சின்னப் பாலத்து ஏற்றம். எனக்கும் முன்னால் போனவருக்கும் நடுவே ஒரு சைக்கிள் நீளம் இடைவெளி விழுந்தது. அது இரண்டானது, பத்தானது. ஒருவர் பின்னால் ஒட்டிப் போனால் அவர் காற்றை மறைப்பதால் உழைப்பில் மூன்றில் ஒரு பங்கு வரைகூட மிச்சமாகும். அந்தக் காற்று நிழலை விட்டு வெளியே விழுந்தவன் அதே வேகத்தைத் தனியாகப் பிடிப்பது நடக்காத காரியம். காற்றைத் தள்ளத் தேவைப்படும் சக்தி வேகம் ஏறும் அதே விகிதத்தில் ஏறுவதில்லை, வேகத்தை அதனாலேயே மூன்று முறை பெருக்கிய கணக்கில் ஏறுகிறது. வேகம் இரண்டு மடங்கு என்றால் சக்தி எட்டு மடங்கு. இது தெரிந்திருந்தும் துரத்தினேன், மிச்சமிருந்ததும் தீர்ந்தது. மணிக்கு 19-ல் தவழ்ந்தபடி கணக்குப் போட்டேன். நீச்சல் போச்சு.

கொஞ்ச தூரத்தில் பின்னால் செயின் சத்தம். அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா. பழைய ஸ்டீல் சைக்கிள், கேரியர், அதில் ஒரு துணிப்பை. "பின்னாடி வாங்க தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு முன்னால் போனார். ஒட்டிக்கொண்டேன். வேகம் 27.

ஐந்து நிமிடம் போனபின், திரும்பாமலே சொன்னார்: "சக்கரத்தையே பாக்காதீங்க. என் தோளுக்கு மேல ரோட்டப் பாருங்க. சக்கரம் கண் ஓரத்துல தெரிஞ்சா போதும்."

எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

"நொடிக்கு ஒரு தரம் பிரேக் பிடிக்கிறீங்களே, சத்தம் கேக்குது."

அப்புறம் காற்று வலப்பக்கத்திலிருந்து வீச ஆரம்பித்தது. அவர் முழங்கையைக் கொஞ்சம் அசைத்து, என்னை இடப்பக்கம் தள்ளி வரச் சொன்னார். நேர் பின்னால் இருப்பதைவிட அங்கே நிழல் அதிகம். மூன்று வருடமாகக் குழுவோடு போகிறேன், இதை யாரும் எனக்குச் சொல்லித்தந்ததில்லை. பயிற்சி எங்கே என்று கேட்டேன். இருபத்திரண்டு வருடம் வேலைக்குப் போனது, வந்ததுதானாம். ஒரு வழிக்கு ஒன்பது கிலோமீட்டர். "தனியா நேரம் ஒதுக்கி ஓட்டினதே இல்ல, யார் விட்டா?" கேரியரில் குழந்தை சீட் மாட்டியிருந்த இடத்தில் பெயிண்ட் தேய்ந்து வெறும் இரும்பு தெரிந்தது.

எட்டு நாற்பதுக்கு வீட்டு வாசல். மகள் நீச்சல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாள்.

* * *

எனக்கு நேர்மாறான அனுபவம். "யாரையும் விட்டுட்டுப் போக மாட்டோம்" என்று முதல் நாள் மூன்று தடவை சொன்னார்கள். 22-வது கிலோமீட்டரில் எனக்குப் பஞ்சர். கையைத் தூக்கினேன், கத்தினேன். கடைசியில் போனவர் திரும்பிப் பார்த்ததைப் பார்த்தேன். டியூபை மாற்றிக் காற்றடித்து நிமிர்ந்தபோது ரோட்டில் நானும் ஒரு நாயும்தான். எந்தக் குழு என்று சொல்லப்போவதில்லை. டியூப் மாற்ற நன்றாகக் கற்றுக்கொண்டேன், அவ்வளவுதான்.

* * *

நான் இரண்டு வயதுப் பெண்ணுக்கு அம்மா. வெளியே போக வழியில்லை, வீட்டுக்குள்ளேயே டிரெய்னரில், அதாவது சைக்கிளை நின்ற இடத்திலேயே மிதிக்க விடும் கருவியில் ஓட்டுகிறேன். விடியற்காலை நாலே முக்காலுக்கு ஆரம்பித்தால் ஐந்தரைக்கு முடித்துவிடலாம்.

ஒரு நாள் சாயங்காலம் கீழ்வீட்டுப் பெரியவர் கதவைத் தட்டினார். கோபமில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள வந்திருந்தார். "தினமும் நாலே முக்காலுக்கு என்னம்மா அரைக்கிறீங்க?" உள்ளே கூட்டிப்போய்க் காட்டினேன். பின்சக்கரம் இல்லாமல் இரும்புக்காலில் நின்ற சைக்கிளைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"இது எங்கயும் போகாதா?"

"போகாதுங்க."

"அப்புறம் எதுக்கு இவ்வளவு பெரிய ஃபேன்?"

எதிர்காற்று இல்லாத இடத்தில் மிதித்தால் உடம்புச் சூடு சரியாக வெளியேறாது, சீக்கிரமே கால் தளர்ந்துவிடும் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். மறுநாள் தடிமனான ரப்பர் விரிப்பு ஒன்றைச் சுருட்டிக்கொண்டு வந்தார். பழைய மோட்டாருக்கு அடியில் போட்டிருந்ததாம். அதைப் போட்டபின் அதிர்வு கீழே போவதில்லை. இப்போது மாடிப்படியில் பார்த்தால் "இன்னிக்கு எத்தன கிலோமீட்டர் போகல?" என்பார்.

பயிற்சிக் கதையும் ஒன்று உண்டு. 20 நிமிடம் முடிந்தமட்டும் மிதித்து, அந்தச் சராசரி வாட்டில் (மிதிக்கும் சக்தியின் அளவு) 95 சதவீதத்தை எடுத்து, அதை வைத்து மற்ற பயிற்சிகளின் அளவை முடிவு செய்வோம் இல்லையா? அந்தச் சோதனையை மூன்று மாதமாகத் தள்ளிப்போட்டு, ஒரு நாள் ஆரம்பித்தேன். பதினாலாவது நிமிடம் கதவோரத்தில் மகள். கையில் ஒரு சாக்ஸ். இன்னொன்றைக் காணோமாம். இறங்கித் தேடினேன். இன்றுவரை அந்தப் பதினாலு நிமிடச் சராசரியை வைத்துத்தான் ஓட்டுகிறேன். விதிப்படி தப்புதான். ஆனால் கால் வலிக்க வேண்டிய இடத்தில் சரியாக வலிக்கிறது.

* * *

முதல் பதிவில் வந்த அம்மாவைப் படித்ததும் எனக்கு ஒருவர் நினைவுக்கு வந்தார். 300 கிலோமீட்டர் பிரெவே, அதாவது நேரக் கெடு வைத்த நெடுந்தூரச் சைக்கிள் பயணம். பந்தயமில்லை, 20 மணி நேரத்துக்குள் முடித்தால் போதும். காலை ஆறு மணிக்குக் கிளம்பியது. இரவானபோது முன்னும் பின்னும் யாருமில்லை, ஒரு சிவப்பு விளக்கு மட்டும் தூரத்தில் தெரிந்தது. அதைப் பிடிக்க முக்கால் மணி நேரமானது. பிடித்தபின் இருவரும் பேசவே இல்லை. மாறி மாறி முன்னால் போய் எதிர்காற்றை வாங்கிக்கொண்டு போனோம். அந்த நேரத்தில் பேச என்ன இருக்கிறது?

சரியாக ஒன்பது மணிக்கு அவர் ஒரு தெருவிளக்கின் கீழே நிறுத்தினார். "ஏழு நிமிஷம். நீங்க போறதுன்னா போங்க" என்று சொல்லிப் போனை எடுத்தார். தனியாகப் போகப் பயந்துதான் நின்றேன், பெருந்தன்மை எல்லாம் இல்லை. போனில் ஒரு குழந்தைக்குக் கதை சொல்ல ஆரம்பித்தார். ஒரு முயல் தன் பாட்டி வீட்டுக்குச் சைக்கிளில் போகிறது. வழியில் முயலுக்குப் பஞ்சர். ஆமை வந்து பம்ப் தருகிறது. இதைச் சொல்லும்போதே மனிதர் ஒரு கையால் தொடையை அமுக்கிக்கொண்டிருந்தார், தசை பிடித்திருந்தது. குரலில் அது துளியும் தெரியவில்லை. அந்தப் பக்கம் ஏதோ கேள்வி வந்திருக்கும்போல. "ஆமையோட சைக்கிள்ல கியர் கிடையாதுடா கண்ணு" என்றார்.

ஏழு நிமிடம் முடிந்தது. போனைப் பையில் போட்டு மிதிக்க ஆரம்பித்தோம். மிச்சம் 60 கிலோமீட்டர் இருந்தது, கெடு முடியக் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் இருந்தது. இருபது கிலோமீட்டர் தாண்டி நான்தான் கேட்டேன், முயல் போய்ச் சேர்ந்ததா என்று. "நாளைக்குத்தான் தெரியும்" என்றார்.

* * *

நான் சைக்கிள் ஓட்டுவதில்லை. ஓட்டுகிறவரைக் கட்டிக்கொண்டவள். எழுதலாமா என்று தெரியவில்லை, எழுதுகிறேன்.

நீங்கள் எல்லோரும் "மூணு மணி நேரம்தான்" என்கிறீர்கள். ஒரு வார இறுதியில் நான் நோட்டில் குறித்தேன். சனிக்கிழமை சாயங்காலம் செயின் துடைப்பு, விளக்குக்குச் சார்ஜ், பாட்டில் கழுவல். எட்டரைக்கே படுக்கை, வீடு கிசுகிசு என்று பேச வேண்டும். நாலேகாலுக்கு அலாரம். அதில் எழுவது நான், அவர் இல்லை. திரும்பி வந்ததும் குளியல், அப்புறம் போனில் வரைபடம் பார்த்தபடி முக்கால் மணி. சாப்பாடு. இரண்டு மணி நேரம் தூக்கம். ரோட்டில் மூன்று மணி நேரம், வீட்டில் ஆள் இல்லாதது ஏழரை மணி நேரம். கேட்டால், நான் வீட்டில்தானே இருந்தேன் என்பார்.

எனக்கும் ஒரு சந்திப்பு உண்டு. அவர் முதல் முதலாக 200 கிலோமீட்டர் போன அன்று, முடியும் இடத்தில் காத்திருந்தேன். பதிமூன்றரை மணி நேரம் கெடு. பக்கத்து நாற்காலியில் ஒருவர், மனைவிக்காகக் காத்திருந்தார். தலையணை, புத்தகம், இன்னொரு செட் துணி என்று மனிதர் முழு ஏற்பாட்டோடு வந்திருந்தார். ஒன்பது வருடமாகக் காத்திருக்கிறாராம். எப்படிச் சண்டை இல்லாமல் சமாளிக்கிறீர்கள் என்று கேட்டேன். சண்டை இல்லை என்று யார் சொன்னது என்று சிரித்தார். பிறகு சொன்னார், ஞாயிறு போக வேண்டும் என்றால் புதன்கிழமைக்குள் கேட்டுவிட வேண்டும், சனி ராத்திரி கேட்டால் பதிலே கிடையாது. இரண்டாவது, வந்து குளித்த பின் மதியச் சாப்பாடு முடிகிறவரை படுக்கக் கூடாது. எத்தனை மணிக்கு வருவாய் என்று கேட்காதீர்கள், எத்தனை மணிக்கு முழித்திருப்பாய் என்று கேளுங்கள் என்றார்.

அதை அப்படியே வீட்டில் கொண்டுவந்தேன். கூடவே வாரத்தில் இரண்டு காலை என்னுடையது. நான் நடக்கப் போவேன், பிள்ளைகளைக் கிளப்புவது அவர். மற்ற நாளில் அவருக்கு 45 நிமிடம்தான். ஏதோ வேகமாக மிதித்து, நிறுத்தி, மறுபடி மிதிக்கிறார். முன்னைவிட ஏற்றத்தில் நன்றாகப் போகிறாராம். அது அவர் சொல்வது, நான் பார்க்கவில்லை.

* * *

முதல் பதிவு போட்டவன்தான். கடைசியாக எழுதிய அக்காவின் பதிவை மனைவிக்குப் படித்துக் காட்டினேன். முழுசாகக் கேட்டாள். அப்புறம், "அவங்க நம்பர் கிடைக்குமா?" என்றாள்.