நாற்பது தாண்டியவருக்கு இலவசத் தொழிற்பயிற்சி உதவுமா?

செல்வம்_43
"வேலை போனால் புலம்பாதீர்கள், இலவசப் பயிற்சிக்குப் போங்கள், தன்னம்பிக்கை தானாக வரும்" என்று நேற்று ஒருவர் இங்கே எழுதியிருந்தார். வராது. நான் போய்விட்டு வந்தவன். பனியன் கம்பெனியில் 14 வருடம் செக்கிங் பார்த்து, ஆர்டர் இல்லையென்று வெளியே அனுப்பப்பட்டு, மூன்று மாதம் டேட்டா என்ட்ரி படித்தேன். சான்றிதழ் கொடுத்து வரிசையாக நிற்க வைத்து போட்டோவும் எடுத்தார்கள். அப்புறம் காட்டிய வேலை ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு குடோனில் பெட்டிகளை ஸ்கேன் செய்வது, நைட் ஷிப்ட், கையில் 9,000. இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அதில் எப்படிக் குடும்பம் நடத்துவது? எங்கள் பேட்ச்சில் 30 பேர். எனக்குத் தெரிந்து நாலு பேர்தான் அங்கே தங்கினார்கள்.

மலர்_தையல்
அண்ணா, உங்களுக்கு நடந்தது அநியாயம்தான், ஆனால் அதை வைத்து எல்லாப் பயிற்சியும் வீண் என்று சொல்லாதீர்கள். நான் போனது ஆர்செட்டி, அதாவது வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி மையம். 1982ல் கர்நாடகாவின் உஜிரேயில் தொடங்கிய முறையைப் பார்த்துத்தான் பிறகு நாடு முழுக்க வைத்தார்கள். சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் இலவசம்.

முதல் வாரம் மிஷினையே தொடவில்லை. ஒரு குச்சியை நட்டு, வளையம் வீசச் சொன்னார்கள், எவ்வளவு தூரத்தில் நிற்பது என்பது நம் இஷ்டம். நான் குச்சிக்குப் பக்கத்திலேயே போய் நின்றேன். "ஏம்மா, விழுந்துவிடும் என்று தெரிந்த இடத்திலேயே ஏன் நிற்கிறாய்?" என்று சார் கேட்டார். பத்து வருடமாக நான் வீட்டில் அப்படித்தான் இருந்தேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது. முதல் ரவிக்கையில் கை ஏறவே இல்லை, மூன்று முறை பிரித்தேன். நாலாவது சரியாக உட்கார்ந்தது. இன்று தெருவில் யாராவது அளவு ரவிக்கையோடு வந்தால் நான் தயங்குவதில்லை.

பாலா_ஏசி_மெக்கானிக்
நான் இரண்டு வருடம் ஒரு மையத்தில் ஃப்ரிட்ஜ், ஏசி வேலை சொல்லிக் கொடுத்தவன். செல்வம் அண்ணன் சொல்வது உண்மை. பேட்ச் நிரம்ப வேண்டும் என்பதற்காகவே ஆள் சேர்த்ததைப் பார்த்திருக்கிறேன், 20 பேருக்கு ஒரே ஒரு கேஸ் சிலிண்டர், கேஸ் அழுத்தம் பார்க்கும் கேஜைக் கையில் பிடிக்காமலே போனவர்கள் உண்டு. அப்படிப் போனவனுக்கு எங்கிருந்து தைரியம் வரும்? ஆனால் கம்ப்ரஸர் மாற்றிப் பழகியவன் வெளியே போய் ஒரு வீட்டில் ஏசியைக் குளிர வைத்துவிட்டால், மறுநாள் அவன் பேசும் விதமே வேறு.

செல்வம்_43
மலர், நீங்கள் சொந்தத் தொழில், வீட்டிலேயே வேலை. எனக்கு மாதச் சம்பளம் வேண்டும். தமிழக அரசின் 'நான் முதல்வன்' திட்டம் முக்கியமாக மாணவர்களுக்கு. மத்திய அரசின் தீன்தயாள் உபாத்யாய கிராமப்புறத் திட்டத்தில் ஆண்களுக்கு 35 வயதோடு சரி. நாற்பதுக்கு மேல் வேலை போனவன் எந்தக் கணக்கிலும் இல்லையே, அதைத்தான் கேட்கிறேன்.

மலர்_தையல்
அந்த வயது வரம்பு தப்பு, அதில் உங்களோடு நிற்கிறேன். பெண்களுக்கு 45 வரை தளர்த்தியவர்கள் ஆண்களுக்கும் செய்யலாம். ஆனால் சொந்தத் தொழில் எனக்கும் லேசாக வரவில்லை அண்ணா, முதல் ஆறு மாதம் மாதம் 2,000 கூடத் தேறவில்லை. நடுவில் நிறுத்திவிட இருந்தேன். மையத்திலிருந்து ஒரு மேடம் வந்து கணக்கு நோட்டைப் பார்த்து, "ஃபால்ஸ் அடிக்கவும் ஜிப் மாற்றவும் ஏன் காசு வாங்கவில்லை?" என்று கேட்டார். பயிற்சி முடிந்த பிறகும் இரண்டு வருடம் அவர்கள் விசாரிக்க வேண்டும் என்பது விதி. உங்கள் மையத்திலிருந்து ஒரு போனாவது வந்ததா?

செல்வம்_43
விசாரிக்க ஒன்றும் வரவில்லை. ஒரே ஒரு முறை போன் வந்தது, யாராவது கேட்டால் வேலையில் இருக்கிறேன் என்று சொல்லச் சொன்னார்கள்.

பாலா_ஏசி_மெக்கானிக்
அண்ணே, 14 வருடம் துணியில் குறை கண்டுபிடித்த கண்ணை விட்டுவிட்டு உங்களைப் போய் டேட்டா என்ட்ரியில் உட்கார வைத்திருக்கிறார்கள். சேர்க்கும்போது இதற்கு முன் என்ன வேலை பார்த்தீர்கள் என்று யாராவது கேட்டார்களா?

செல்வம்_43
ஆதார் மட்டும்தான் கேட்டார்கள்.