ஆயில் லைட் எரியுது, சென்சாரா பம்பா?

அண்ணன்மாரே, கொஞ்சம் அவசரம். என் பைக்ல ரெண்டு நாளா வண்டி நல்லா சூடானதுக்கு அப்புறம் சிக்னல்ல நின்னா ஐடிலிங்ல ஆயில் பிரஷர் லைட் மினுக் மினுக்னு எரியுது, லேசா ஆக்சிலேட்டர் குடுத்தா அணைஞ்சிடுது, காலைல கோல்ட் ஸ்டார்ட்ல ஒண்ணுமே இல்ல. சென்டர் ஸ்டாண்ட் போட்டு நேரா நிறுத்தி லெவல் பாத்தேன், மேல் கோட்டுக்கு பக்கத்துலதான் இருக்கு. ஆனா ஆயில் தண்ணி மாதிரி ஓடுது, மாத்தி ரொம்ப நாளாச்சு.

இதுக்கு நடுவுல செக் எஞ்சின் லைட்டும் வந்துச்சு. ஸ்கேனர்ல பி0562, அதாவது சிஸ்டம் வோல்டேஜ் கம்மி. ரெண்டும் ஒரே எர்த் (பாடியோட சேர்ற நெகட்டிவ் ஒயர்) பிரச்சனையா, இல்ல தனித்தனியா?

பிரஷர் சுவிட்ச் (லைட்ட எரிய வைக்கற சென்சார்) ஒயர கழட்டினா லைட் அணையுது, அதனால ஒயர் ஷார்ட் இல்லன்னு நினைக்கிறேன். சுவிட்ச் கனெக்டருக்குள்ள ஆயில் கசிஞ்சு கருப்பா பிசுபிசுன்னு இருக்கு, அதான் சந்தேகமா இருக்கு.

மெக்கானிக் எடுத்த எடுப்புலயே எஞ்சின இறக்கணும்ங்கறார், எனக்கு மனசு ஒப்பல. முதல்ல ஆயில், ஃபில்டர் மாத்திட்டு, சுவிட்ச் இருக்கற இடத்துல கேஜ் மாட்டி பிரஷர் அளக்கலாம்ல? அளந்தவங்க யாராவது இருந்தா எப்படி பண்ணீங்கன்னு சொல்லுங்க. பேரிங் போயிடுமோன்னு பயந்து அதுவரைக்கும் வண்டிய எடுக்கல.