நன்கொடைப் பதிவுக்கு எக்செல் போதுமா, சிவிசிஆர்எம் வேண்டுமா?

வேலூர்_தொண்டர்: இரண்டு ஊழியர், ஆண்டுக்குச் சுமார் 600 நன்கொடையாளர் உள்ள அறக்கட்டளை. பெயர்ப் பட்டியல் எக்செல்லில், கணக்கு டேலியில். 80ஜி பதிவு (கொடுப்பவருக்கு வருமான வரியில் கழிவு கிடைக்கச் செய்வது) இருப்பதால் 2024-25 நன்கொடைகளுக்கு 2025 மே 31க்குள் படிவம் 10பிடி (வரித் துறைக்கான நன்கொடையாளர் பட்டியல்) தாக்கல் செய்து, கொடுத்தவர்களுக்கு 10பிஇ சான்று தர வேண்டியிருந்தது. நன்கொடையாளர் விவரங்களைப் பராமரிக்கும் திறமூல மென்பொருளான சிவிசிஆர்எம்முக்கு மாறுவது நல்லதா?

திறமூலன்: மாறிவிடுங்கள். 10பிடி பட்டியலை சிஎஸ்வி கோப்பாகத்தான் (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) ஏற்ற வேண்டும். எக்செல் கவிழ்க்கும் இடம் அதுதான். 12 இலக்க ஆதார் எண்ணைச் சாதாரண செல்லில் அடித்தால் 2.34568இ+11 என்று சுருங்கும். அப்படியே சிஎஸ்வியாகச் சேமித்தால் கோப்பில் போவதும் அந்தச் சுருக்கமே. மீதி இலக்கங்கள் திரும்ப வராது. சிவிசிஆர்எம்மில் அடையாள எண்ணை எழுத்துப் புலமாக வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. வேர்ட்பிரஸ் மேலேயே ஓடும், லைசன்ஸ் கட்டணமும் கிடையாது.

பேரேடு: லைசன்ஸ் கட்டணம் இல்லை, சரி. ஹோஸ்டிங், பேக்கப், அப்டேட் எல்லாம் யார் பார்ப்பது? கிரான் ஜாப் (சர்வரில் குறித்த நேரத்தில் தானாக ஓடும் பணி) நின்றுபோனால் மொத்த மெயில் ஒன்றும் கிளம்பாது, வரிசையிலேயே கிடக்கும். மெயில் நம்முடையதுதான் என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் அமைப்புகளைச் செய்யாமல் அனுப்பினால் பல மெயில் ஸ்பாமுக்குப் போய்விடலாம்.

ஆதார் பிரச்சினைக்கு எண் அடிக்கும் முன்பே அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் ஃபார்மேட்டுக்கு மாற்றினால் போதும். சேமித்த சிஎஸ்வியை மறுபடி எக்செல்லில் திறந்து சேமிக்காதீர்கள், பழைய கதை திரும்பும். நோட்பேடில் திறந்து சரிபாருங்கள். பான் எண்ணுக்கு டேட்டா வேலிடேஷனில் (செல்லில் அடிப்பதைச் சரிபார்க்கும் எக்செல் வசதி) நீளம் 10 என்று வையுங்கள்: 5 எழுத்து, 4 இலக்கம், 1 எழுத்து. ஆங்கில 'ஓ'வுக்கும் பூஜ்யத்துக்கும் குழப்பம் வருவது அங்கேதான்.

திறமூலன்: 'ஆர். செல்வி', 'செல்வி ராமன்' என்று ஒரே ஆள் இரண்டு வரியில் இருந்தால் எக்செல் கண்டுபிடிக்குமா? சிவிசிஆர்எம் இரட்டைப் பதிவைத் தேடித் தரும். இயல்பான விதி மின்னஞ்சலை வைத்துத்தான். நம் ஊரில் பலர் மின்னஞ்சல் தருவதில்லை. பெயர் + கைபேசி என்று விதியை மாற்றுங்கள். கைபேசி மட்டும் போதாது, கணவன் மனைவி ஒரே எண் கொடுத்தால் இருவரையும் ஒருவர் என்று காட்டும்.

பேரேடு: தமிழ் ரசீதுக்கு என்ன வழி? சிவிசிஆர்எம் இயல்பாக டாம்பிடிஎஃப் என்ற நிரல் வழியாகத்தான் பிடிஎஃப் எடுக்கிறது. அதற்குத் தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரியாது. 'பெயர்' என்பதில் கொம்பு 'ப'வுக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். அப்படி ஒரு ரசீதை நன்கொடையாளர் கையில் கொடுக்கவே கூடாது. வேர்டு மெயில் மெர்ஜில் (பட்டியலிலிருந்து பெயர், தொகையை ஒவ்வொரு ரசீதிலும் நிரப்பும் வசதி) இது பிசகாமல் வரும்.

திறமூலன்: அது உண்மையான குறை. ரசீதை பிரவுசரில் திறந்து அங்கிருந்தே பிடிஎஃப் எடுத்தால் எழுத்து சரியாக வரும், ஆனால் 600 ரசீதுக்கு அது வேலை இழுக்கும்.

தணிக்கைக்குறிப்பு: எந்த மென்பொருள் வைத்தாலும் மே மாதம் உட்கார்ந்து பான் எண் கேட்டால் தாமதம்தான். தாமதத்துக்கு 1961 வருமான வரிச் சட்டத்தின் 234ஜி பிரிவின்படி நாளுக்கு ரூ.200, தாக்கலே செய்யாவிட்டால் 271கே-யில் ரூ.10,000 முதல் 1 லட்சம் வரை அபராதம். அடையாள எண், முகவரி, பணம் வந்த வழி மூன்றையும் ரசீது போடும் அன்றே வாங்குங்கள். ரூ.2,000க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தவருக்கு 80ஜி விலக்கு கிடையாது, அதையும் அப்போதே சொல்லிவிடுவதுதான் முறை. யுபிஐ வரவுதான் மிகவும் படுத்தும்: வங்கி ஸ்டேட்மென்டில் ஐடி இருக்கும், முகவரி இருக்காது. வாரத்துக்கு ஒருமுறை ஆளைத் தேடிப் பிடித்துவிடுங்கள்.

பேரேடு: ஒப்புக்கொள்கிறேன். அதற்கு ஒரு கூகுள் ஃபார்ம் போதும். லாப நோக்கற்ற அமைப்புகளுக்கு கூகுள் வொர்க்ஸ்பேஸ் இலவசம். இருவரும் தனித்தனிக் கணக்கில் நுழையலாம், யார் எதை மாற்றினார் என்பது பதிப்பு வரலாற்றில் தெரியும். 600 பேருக்கு சர்வர் வேண்டாம் என்பதே என் முடிவு.

திறமூலன்: 3,000 பேர் ஆனதும் இதே கேள்வி மறுபடி வரும். இப்போது மாறாவிட்டாலும் ஒன்று செய்யுங்கள்: ஷீட்டின் முதல் நெடுவரிசையில் ஒவ்வொருவருக்கும் மாறாத ஒரு நன்கொடையாளர் எண். நாளைக்கு சிவிசிஆர்எம்மில் இறக்கும்போது அதை 'எக்ஸ்டர்னல் ஐடென்டிஃபையர்' புலத்தில் பொருத்தினால், பழைய நன்கொடை எல்லாம் சரியான ஆளின் பெயரில் போய் உட்காரும்.