உணரிக்கு 'அலைன்மென்ட்': நூல்பிடிப்பு என்று சொல்லலாமா?

குழுவினர் எல்லோருக்கும் வணக்கம்.

தண்டவாளத்தை மீயொலியால் (அல்ட்ராசவுண்டால்) சோதிக்கும் வண்டியில், உணரிகள் (சென்சார்கள்) தாமாகவே உரிய கோட்டுக்கு நகர்ந்துகொள்ளும் ஏற்பாட்டுக்குத் தமிழில் என்ன சொல்வது என்று போன வாரம் கேட்டிருந்தேன். 'தானியங்கி உணரிச் சீரமைப்பு', 'ஒழுங்கமைவு', 'நடுவாக்கம்' என்று மூன்று வந்தன. மூன்றாவது நான் போட்டது. அதை இப்போது திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

முதலில் 'சீரமைப்பு'. பாளையங்கோட்டையில் டிப்ளமோ மாணவர்களுக்கு இந்தச் சோதனையைப் பற்றி நான் எழுதும் பாடக்குறிப்பைப் படித்துக் காட்டியபோது, 'உணரிச் சீரமைப்பு' என்ற இடத்தில் ஒரு பையன் எழுந்து, "சார், சென்சார் ரிப்பேரானா சரிபண்றதா?" என்று கேட்டான். அவன் கேட்டது நியாயம். சாலைச் சீரமைப்பு, குளம் சீரமைப்பு என்று பழுதுபார்ப்புக்கே அந்தச் சொல்லைக் கொடுத்துவிட்டோம். 'ஒழுங்கமைவு' பிழையில்லை, ஆனால் எதையும் கண்முன் கொண்டுவரவில்லை.

நடுவாக்கம் ஏன் கூடாது என்று சொல்ல, வேலை நடக்கும் விதத்தைக் கொஞ்சம் விரிக்க வேண்டும். மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள தண்டவாளம் 172 மி.மீ. உயரம். மேலே தலை, கீழே 150 மி.மீ. அகலத்தில் அடி. இரண்டையும் சேர்க்கும் 'வெப்' பகுதியை நான் இடை என்கிறேன். அதன் தடிமன் வெறும் 16.5 மி.மீ. நேராகக் கீழ்நோக்கும் ஆய்முனை ('ப்ரோப்', நாம் பேசும் உணரி இதுதான்) தலைமேல் நீர்ப்படலத்தில் வழுக்கிக்கொண்டே மீயொலித் துடிப்பை அனுப்பும். அது இடை வழியாக அடிவரை இறங்கி, எதிரொலித்து மேலே வரும். போக வர 344 மி.மீ. எஃகில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 5,900 மீட்டர் என்பதால், 58 மைக்ரோ நொடியில் திரும்பிவிடும். அந்த அடி எதிரொலி வந்துகொண்டே இருந்தால், வழியில் தடை இல்லை என்று பொருள். காணாமல் போனால் இரண்டு காரணம் இருக்கலாம்: நடுவில் வெடிப்பு இருக்கிறது, அல்லது ஆய்முனை இடைக்கு நேராக இல்லை. இந்தச் சந்தேகத்தைத் தீர்க்கத்தான் இவ்வளவு பாடும்.

வளைவில் சிக்கல் கூடும். செங்கோட்டையிலிருந்து புனலூருக்கு மலை ஏறும் பாதையை நினைத்துக்கொள்ளுங்கள். 1904-இல் மீட்டர் பாதையாகத் திறந்து, 2018-இல் அகலப் பாதையானது. பகவதிபுரம் தாண்டினால் வளைவுக்கு மேல் வளைவு. இப்படிப்பட்ட வளைவுகளில் வெளித் தண்டவாளத்தின் உள்பக்கம் சக்கர விளிம்பு உரசி உரசித் தேயும். தேய்ந்த பக்கத்தை ஒட்டி ஓடும் வழிகாட்டிச் சக்கரம் ஆய்முனையையும் கூடவே இழுத்துப் போய்விடும். கையால் தள்ளும் வண்டியென்றால், கூட நடப்பவர் திரையைப் பார்த்துக் குனிந்து சரிசெய்வார். வேகமாக ஓடும் வண்டியில் அதற்கு நேரமில்லை. லேசரும் கேமராவும் தலையின் வடிவத்தைப் படிக்க, அல்லது அடி எதிரொலியின் வலுவையே அளவாகக் கொண்டு, ஒரு மோட்டார் ஆய்முனைச் சட்டத்தைப் பக்கவாட்டில் மில்லிமீட்டர் கணக்கில் நகர்த்தும்.

இதுவரை 'நடு' பொருந்தும். ஆனால் தலைக்குள் குறுக்கே ஓடும் வெடிப்பைப் பிடிக்க, ஒலிக்கற்றையை 70 பாகை சாய்வில் அனுப்பும் ஆய்முனைகளும் இருக்கின்றன. அவற்றில் சில நடுவில் நிற்கும். சிலவற்றை வேண்டுமென்றே சக்கர விளிம்பு உரசும் ஓரத்துக்குத் தள்ளி வைத்திருப்பார்கள். அவற்றை நடுவுக்குக் கொண்டுவந்தால் வேலையே கெட்டது. அப்படியானால் இயந்திரம் காப்பது நடுவை அன்று. ஒவ்வோர் ஆய்முனைக்கும் குறித்த கோட்டை.

சொல் கிடைத்தது கல்லிடைக்குறிச்சியில். பாதைப் பராமரிப்பில் கேங்மேனாகச் சேர்ந்து 'மேட்' ஆக, அதாவது அந்தக் குழுவின் தலைவராக, ஓய்வு பெற்ற அண்ணாச்சி ஒருவர் அங்கே இருக்கிறார். ஜல்லியில் முழங்காலை ஊன்றி, கன்னம் தண்டவாளத்தைத் தொடும் அளவுக்குக் குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு தூரத்தைப் பார்ப்பதை வீட்டுத் திண்ணையிலேயே நடித்துக் காட்டினார். அங்கே கடப்பாரையோடு நாலு பேர் நிற்பார்களாம். இவர் இங்கிருந்து கையை ஆட்டிக்கொண்டே, "ஒரு நூல் தள்ளுலே... இன்னும் அரை நூல்... போதும், நிறுத்து" என்பாராம். நான் இயந்திரத்தைப் பற்றிச் சொன்னதும், "அப்ப மிஷினே நூல் பிடிச்சுக்கிடுது, அப்படித்தானே?" என்றார்.

அதைக் கேட்டதும் எனக்கு வேறு சொல் தேட மனம் வரவில்லை. கொத்தனாரும் ஆசாரியும் நூல் பிடிக்கிறார்கள். வரிசை நேராக இருந்தால் 'நூல் பிடித்த மாதிரி' என்று எல்லோரும் சொல்கிறோம். அதோடு நூல் ஓர் அளவும்தான். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, அதாவது மூன்று மி.மீ.க்குச் சற்றுக் கூட. இடையின் தடிமனில் பாதி எட்டேகால் மி.மீ. ஆக, நேர் ஆய்முனை இரண்டரை நூலுக்குச் சற்றுக் கூட விலகினால் அதன் மையம் இடையின் விளிம்புக்கு மேலே வந்து நிற்கும். இந்த வேலைக்கு உரிய அளவே நூல்தான்.

பாளையங்கோட்டை அக்கா, நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஆய்முனை பக்கவாட்டில் விலகுவது மட்டுமன்றிச் சாயவும் செய்யுமே, அதற்குத் 'தூக்கு' என்று தனிச்சொல் வேண்டாமா என்றீர்கள். தூக்குக்குண்டு காட்டும் செங்குத்து இங்கே உதவாது, அக்கா. நம் அகலப் பாதையில் தண்டவாளமே 20-க்கு 1 என்ற கணக்கில் உள்பக்கம் சாய்ந்துதான் உட்கார்ந்திருக்கிறது; ஆய்முனை அந்தச் சாய்வோடு சேர்ந்து நிற்க வேண்டும். ஆய்முனை சாய்ந்து, எஃகுக்குள் ஒலிக்கற்றை ஒரு பாகை சாய்ந்துவிட்டால், 172 மி.மீ. கீழே போய்ச் சேரும்போது மூன்று மி.மீ. தள்ளி விழும். அதுவும் கிட்டத்தட்ட ஒரு நூல்தான். அதனால் இரண்டையும் நூல்பிடிப்பு என்ற ஒரே சொல்லுக்குள் வைத்து, உள்ளே பக்க விலகல், சாய்வு விலகல் என்று பிரித்துக்கொள்ளலாம்.

நூல் என்றால் புத்தகம் என்று ஆகிவிடாதா என்று இன்னொருவர் எழுதியிருந்தார். நூலேணியையும் நூல்கண்டையும் யாரும் புத்தகமாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் 'தானே' என்பதைச் சுருக்கித் 'தன்னூல்பிடிப்பு' என்று எழுதினால் அந்தக் குழப்பம் வரும், அதை விட்டுவிடுவோம். பேச்சுவழக்குச் சொல் கலைச்சொல்லாகுமா என்ற தயக்கத்துக்கும் ஒரு பதில் உண்டு. அலைன்மென்ட் என்பதற்குள் இருக்கும் லைனின் மூலமான லத்தீன் லினியாவுக்கும் ஆளிநார் நூல் என்றுதான் முதற்பொருள். அவர்களும் நூலைப் பிடித்துத்தான் அந்தச் சொல்லுக்கு வந்திருக்கிறார்கள்.

ஆகவே என் முன்மொழிவு: தானியங்கு நூல்பிடிப்பு. வினையாக, 'உணரி நூல்பிடித்தது'. மிஸ்அலைன்மென்ட்டுக்கு நூல்விலகல், அட்டவணையில் 'நூல்விலகல்: 4 மி.மீ.' என்று போட்டாலும் உறுத்தவில்லை. பாதையின் அலைன்மென்ட்டுக்கு, அதாவது ஊருக்கு ஊர் தடம் எந்த வழியில் போகிறது என்பதற்கு, இதைப் பயன்படுத்த வேண்டாம். அதற்குத் தடப்போக்கு போதும்.

சரி, அதே வகுப்பில் நேற்று இந்தச் சொல்லோடு படித்துக் காட்டினேன். அந்தப் பையன் இந்தத் தடவை, "வளைவுல எவ்வளவு வேகம் வரைக்கும் நூல் பிடிக்கும் சார்?" என்று கேட்டான். பாடக்குறிப்பு திங்களன்று அச்சுக்குப் போகிறது. மறுப்போ திருத்தமோ இருந்தால் வெள்ளிக்குள் எழுதுங்கள்.